பர்மாவில் ஊர்ந்த சிவப்புக் கோட்டு

ஏலக்காரர் மோகனசுந்தரம் ஒரு புளுகர். இதை அவர் முகத்துக்கு நேராகவே பத்து முறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டு டீ சொல்கிறார். நானும் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன். எழுத்துக்கு டீ வாங்கிக் கொடுத்து வாயை மூட முடியாது.

அவர் செய்த குற்றம் இதுதான். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கை ஒட்டிய ஏலக் கொட்டகையில், என்னை ஒரு மின்விசிறியோடு போட்டி போட வைத்தார். விசிறி தோற்றது. நான் ஜெயித்தேன். ஜெயித்த பொருளைக் கொண்டுபோய் என் நிச்சயதார்த்தத் தட்டில் வைத்தேன். அதன்பிறகு நடந்ததில் பாதிக்கு அவர் பொறுப்பு. மீதிப் பாதிக்கு நான். (முக்கால்வாசி நான்தான்னு புவனா சொல்றா. அவ சொல்றதை அப்புறம் பாத்துக்கலாம்.)

நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வெளிநாட்டிலிருந்து பழைய துணிகள் மூட்டை மூட்டையாக எங்கள் யார்டுக்கு வரும். ஒரு நாள் ஒரு மூட்டை கிழிந்து, அதற்குள்ளிருந்து ஒரு கோட்டின் கை மட்டும் வெளியே தொங்கியது. அந்தக் கையின் நுனியில் மூன்று பித்தளைப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம். மூட்டைக்குச் சொந்தக்காரரிடம் கெஞ்சி அந்தக் கோட்டை வாங்கி வந்தேன். அன்றைக்கு அந்த நங்கூரம் என் மண்டையில் மாட்டியது. இன்று வரை கழலவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏலம்தான். பழைய ராணுவத் தொப்பி, நசுங்கிய இரும்புக் கவசம், ஒரு கண் மட்டும் தெரிகிற பைனாகுலர், வெள்ளைக்காரச் சீமாட்டியின் இறகு வைத்த தொப்பி என்று வாங்கிக் குவித்தேன். நவாப் வீட்டு மோதிரம் என்று ஒன்றை வாங்கிப் போட்டதில் மூன்றே நாளில் விரல் பச்சையானது. பழமைக்கு அதுதான் அடையாளம் என்று யார்டில் எல்லோருக்கும் விரலைக் காட்டினேன்.

எனக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கலாம். போன்தான். ஆறு மாதம் விடாமல் வீடியோ பார்த்தேன். அதில் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை. புரியாத இடங்களை நானே நிரப்பிக்கொண்டேன்.

அப்போது நானும் என் அம்மாவும் வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீட்டில் இருந்தோம். ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான். ஹாலில் நான் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி உடுப்புகளை மாட்டி வைத்திருந்தேன். அம்மா தினமும் ஒரு முறையாவது கத்துவாள்.

"ஏன்டா வேலு, இந்த வூட்ல உசுரோட கீற நான் காலு நீட்டிப் படுக்க எடமில்ல. செத்தவன் துணிக்கு மட்டும் வரிசையா எடம் போட்டு வெச்சிகினு கீற. ராத்திரி கண்ணு முயிச்சா நாலு பேரு நிக்கிற மாதிரி கீதுடா!"

நான் காதில் வாங்கவே இல்லை. ஏனென்றால் அம்மா வீடியோ பார்த்தவள் இல்லை.

இந்த நிலையில்தான் புவனா. எங்கள் யார்டின் வாசலில் லாரிகளுக்கு டோக்கன் போடுகிற ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள். ஒன்றரை வருடம் அந்த ஜன்னலைத் தேவையில்லாமல் கடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் அவளே, "டீசல் வீணாவுது, விஷயத்தச் சொல்லு" என்றாள். சொன்னேன். அவள் ஒப்புக்கொண்டாள். அவள் அப்பா ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அவள் அப்பா ஹவில்தார் தணிகாசலம். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டிகளுக்குத் தலைவராக இருந்தார். வீடு காலடிப்பேட்டையில். அவர் தெருவில் நடந்து வந்தால் கோணலாக நிற்கிற சைக்கிளை எடுத்து நேராக வைத்துவிட்டுத்தான் போவார். மீசையும் அப்படியே. இரண்டு பக்கமும் ஒரே அளவு.

அவர் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். வாசலில் செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே நுழைந்தவர், கயிற்றில் தொங்கிய உடுப்புகளுக்கு நடுவே நின்றுவிட்டார்.

"இதெல்லாம் யார் துணி?"

"பழைய மிலிட்டரி உடுப்பு மாமா. நான் சேக்குறேன்."

"நீ எத்தன வருஷம் சர்வீஸ் பண்ண?"

"நான் பண்ணல மாமா."

"அப்ப எவனோ அவுத்துப் போட்டதை எதுக்கு மாட்டி வெச்சிருக்க?"

நான் வரலாறு, பாரம்பரியம், பொத்தான் என்றெல்லாம் பத்து நிமிடம் பேசினேன். அவர் ஒரு சட்டையின் காலரைத் திருப்பிப் பார்த்தார், விட்டார். காப்பியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, உன் வேலை நல்ல வேலை. உங்கம்மா நல்ல அம்மா. இதுதான் எனக்குப் பிடிக்கல. நிச்சயத்துக்கு மூணு வாரம் இருக்கு. இதுல ஏதோ விஷயம் இருக்குன்னு எனக்குக் காட்டு. இல்லன்னா எல்லாத்தையும் தூக்கிப் போடு. குப்பை பொறுக்குற ஆளுக்கு என் பொண்ணத் தர மாட்டேன். டீக் ஹை?"

"டீக் ஹை மாமா" என்றேன். அதைச் சொன்ன குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

புவனா அன்று மாலை போன் செய்தாள். "தூக்கித்தான் போட்டுடேன். எனக்காக."

"நீயும் வேணும், அதுவும் வேணும்" என்றேன்.

"அப்ப வாங்கிக் கட்டிக்க" என்று வைத்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் எதிர்காலத்தைச் சரியாகச் சொல்கிற ஒரே ஆள் அவள்தான்.

மறு ஞாயிறு ஏலக் கொட்டகைக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபது பேர். முன்னால் மேஜைமேல் ஏறி மோகனசுந்தரம் நின்றுகொண்டிருந்தார். கையில் மைக், கழுத்தில் துண்டு. ஒவ்வொரு பொருளை எடுக்கும்போதும், "உள்ளது உள்ளபடி. வாசலைத் தாண்டினா நான் யாரோ நீ யாரோ" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். பிறகு அந்தப் பொருளுக்கு ஒரு குடும்பக் கதை. உடைந்த டைப்ரைட்டரை விற்றாலும் அதில் ஒரு ஜமீன்தார் அழுவார்.

"நாப்பத்தொன்னாம் நம்பர்!" என்று ஒரு கோட்டைத் தூக்கிப் பிடித்தார்.

நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். சிவப்புக் கம்பளித் துணி. தோளில் தங்க ஜரிகைக் குஞ்சம். மார்பில் குறுக்கே மஞ்சள் கயிறு. இரண்டு வரிசை பித்தளைப் பொத்தான்.

"பர்மா சண்டையில ஒரு கர்னல் போட்ட கோட்டு. போட்டவரு இல்ல, கோட்டு மட்டும் இருக்கு. குடும்பம் கண்ணீரோட குடுத்தது. சண்டை பாத்த துணிங்க இது, வந்து தொட்டுப் பாருங்க!"

எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் எழவில்லை. வழக்கமாக வருகிற வியாபாரிகள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் லேசாகச் சிரித்தார். இவ்வளவு பெரிய பொருளின் மதிப்பு தெரியாமல் இருக்கிறார்களே என்று அவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன்.

பொத்தானில் ஏதோ பொறித்திருந்தது. வளைவாக ஒரு சட்டம், நடுவே நாலைந்து கம்பி. வில் என்று முடிவு கட்டினேன். வில்லுக்கு ஒரு நாண்தானே இருக்க வேண்டும்? பெரிய படை, நாண் அதிகம் என்று அதையும் நானே தீர்த்துக்கொண்டேன். வயிற்றுப் பக்கம் துணி தேய்ந்து வெளிறிக் கிடந்தது. இடது தோளில் பட்டை பட்டையாகத் தேய்வு. வலது கையில் சின்னதாக ஒரு வட்ட ஓட்டை, விளிம்பு கருகியிருந்தது. ஓட்டையைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. (நிஜமாவே கலங்குச்சு. இதை எழுதுறப்ப எனக்கே செருப்பால அடிச்சிக்கணும் போல இருக்கு.)

ஏலம் ஆரம்பித்தது. நான் ஒரு தொகை சொன்னேன். மோகனசுந்தரம் என் தலைக்கு மேலாகப் பின்னால் பார்த்தார்.

"பின்னால ஒருத்தர் தலைய ஆட்டுறாரு! அவருக்கு மேல யாரு?"

ஏற்றிக் கேட்டேன். அவர் மறுபடி பின்னால் பார்த்தார். "ஆட்டிட்டாரு! அசர மாட்டாரு போல இருக்கே!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏலத்தில் திரும்பிப் பார்க்கிறவன் பயந்தவன் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள், அல்லது சொன்னதாக நான் நிரப்பிக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன். பின்னால் இருந்தவன் விடவில்லை. நானும் விடவில்லை. என் ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டபோது மோகனசுந்தரம் மேஜையைத் தட்டினார். கோட்டு எனக்கு.

தோற்றவன் முகத்தைப் பார்க்கலாம் என்று பெருமையாகத் திரும்பினேன். எனக்குப் பின்னால் நாற்காலியே இல்லை. சுவரோரம் ஒரு ஸ்டாண்டு ஃபேன் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. அதுவும் வேண்டாம் வேண்டாம் என்று இடதும் வலதுமாகத்தான் ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இருந்த அறிவு எனக்கு இல்லை.

போட்டியாளன் எழுந்து போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

இப்போது எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அப்பாவுக்கு வரிசைத் தட்டில் புதுத் துணி வைத்துக் கொடுப்போம். சம்பந்தி மரியாதை. அவர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உடுத்தி, சபைக்கு வந்து உட்கார வேண்டும். அதன்பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். உடுத்தவில்லை என்றால், அல்லது தட்டு மாற்றுவதற்குள் கழற்றிவிட்டால், சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் சொல்ல வேண்டியதே இல்லை.

ஊரில் எல்லோரும் வேட்டி சட்டை வைப்பார்கள். நான் என்ன வைத்தேன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

என் தோஸ்து ஏழுமலைக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவன். பார்சலைப் பிரித்தவன் கோட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"மாமு, வேட்டி சட்டய வெச்சமா, பிரியாணிய துன்னமான்னு இரு. இன்னாத்துக்கு உனுக்கு இந்த வேல? இத எங்கியோ பாத்த மாதிரி வேற கீது."

"மியூசியத்துல பாத்திருப்ப."

"நான் எந்த மியூசியத்துக்குடா போனேன்?" என்று தலையைச் சொறிந்தான். "சரி வுடு. நானும் உனுக்கு ஒரு சர்ப்ரைஸ் வெச்சிகீறேன். மண்டபத்துல பாரு, அதிரும்."

நிச்சயதார்த்த நாள். காலடிப்பேட்டையில் ஒரு சின்ன மண்டபம். காலை பத்து மணிக்கே கூட்டம் நிரம்பிவிட்டது. புவனா பச்சைப் பட்டுப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். அம்மா வரிசைத் தட்டை நீட்டினாள். மாமா அதன்மேல் மூடியிருந்த துண்டை விலக்கினார். பார்த்தார். மீசையின் ஒரு பக்கம் மட்டும் லேசாக ஏறியது.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மைக்கை வாங்கினேன்.

"மாமா, இது பர்மா சண்டையில ஒரு கர்னல் போட்ட கோட்டு. இந்த வயித்துப் பக்கம் தேஞ்சிருக்கு பாருங்க. எதிரிக்குத் தெரியாம தரையோட தரையா ஊர்ந்து போனதால வந்த தேய்வு."

"சிவப்புக் கோட்டுல ஊர்ந்து போனாரா?" என்றார் மாமா.

"ஆமா மாமா."

"எதிரிக்குத் தெரியாம?"

"தைரியம் மாமா."

"அச்சா. மேல சொல்லு."

"இந்தத் தோள்பட்ட தேஞ்சது துப்பாக்கி வார் பட்டு. வருஷக்கணக்கா சுமந்திருக்காரு."

"கர்னலே சுமந்தாரா?"

"எளிமை மாமா."

"இந்த ஓட்டை?"

"குண்டு" என்றேன். என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண் வீட்டுக் கிழவர் ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார். புவனா மட்டும் தலையைக் குனிந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

மாமா கோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கீழே வேட்டி, மேலே சிவப்புக் கோட்டு, எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார். அளவு எடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. நிமிர்ந்து நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"உங்க மெடலையும் குத்திக்குங்க மாமா" என்றேன்.

"வேணாம்ப்பா. இதுல குத்தக் கூடாது" என்றார்.

என்ன தன்னடக்கம் என்று மெய்சிலிர்த்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் டம் டம் என்று சத்தம். ஏழுமலை ஓடி வந்தான், முகமெல்லாம் பல்.

"மாமு! சர்ப்ரைஸு! புளியந்தோப்பு பேண்டு செட்டு!"

டிரம்பெட், கிளாரினெட், சின்ன டிரம் என்று பதிமூன்று பேர் வரிசையாக உள்ளே வந்தார்கள். பதிமூன்று பேரும் சிவப்புக் கோட்டு. தோளில் தங்க ஜரிகைக் குஞ்சம். மார்பில் குறுக்கே மஞ்சள் கயிறு. இரண்டு வரிசைப் பொத்தான், ஒவ்வொன்றிலும் நான் வில் என்று நினைத்த அதே யாழ். அவர்களுக்குக் கடைசியில், பெரிய டிரம்மை வயிற்றில் மாட்டிக்கொண்டு பதினாலாவது ஆள். அவருக்கு மட்டும் கோட்டு இல்லை. வெள்ளைச் சட்டை.

ஏழுமலையின் பல் மெல்ல மெல்ல உள்ளே போனது. "மாமு... எங்கியோ பாத்தேன்னு சொன்னேன்ல?"

பெரிய டிரம் அடிக்கிறவர் பெயர் கன்னியப்பன். நல்ல வேகத்தில் அடித்துக்கொண்டு வந்தவர், மாமாவைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டார். பெரிய டிரம் நின்றால் பேண்டு நொண்டும். ஒவ்வொரு வாத்தியமாகத் தடுமாறி நின்றது. கடைசியாக ஒரு டிரம்பெட் மட்டும் தனியாகக் கத்திவிட்டு வெட்கப்பட்டு ஓய்ந்தது.

"மாஸ்டர்!" என்று கன்னியப்பன் கத்தினார். "அங்க பாரு! என் கோட்டு!"

பேண்டு மாஸ்டர் வந்து மாமாவின் காலரைத் தூக்கிப் பார்த்தார். "நம்மளுதுதான்பா. அந்த டிரைகிளீனிங் கடக்காரன் கடய மூடிக்கினு பூட்டான்ல, அவன்கிட்ட கெடந்தது. அப்ப துணி எல்லாத்தயும் ஏலத்துக்கு வுட்டுக்கீறான், பேமானி."

மண்டபத்தில் ஒரு குரல் எழுந்தது. புவனாவின் தாய்மாமன். "இது பர்மாவுல கர்னல் போட்டதுன்னு மாப்ள சொன்னாரே?"

"இன்னா பர்மா?" என்றார் கன்னியப்பன். "வியாசர்பாடிய தாண்டி இந்தக் கோட்டு எங்கியும் போனதில்லீங்க."

"வயித்துப் பக்கம் ஊர்ந்து போய்த் தேஞ்சிருக்காமே?"

கன்னியப்பன் தன் வயிற்றில் மாட்டியிருந்த டிரம்மைத் தட்டிக் காட்டினார். "இத பன்னெண்டு வருசம் கட்டிப் புடிச்சிகினு நடந்தா தேயாம இன்னா பண்ணும்? தோளுல இந்த வாரு. தோ, பாத்துக்க."

"குண்டு ஓட்டை?"

"குண்டா? பீடிங்க! ஒரு கல்யாணத்துல கை வேலயா இருக்க சொல்லோ பக்கத்துல நின்ன பையன் வெச்சிட்டான். அன்னிக்கி அவன நான் அடிச்ச அடியில அவன் பர்மாவுக்கே போயிருப்பான்!"

மண்டபம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது இன்றைக்கும் எனக்குக் காதில் கேட்கும். கும்பிட்ட கிழவர் கும்பிட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே தலையைக் கோதிக்கொண்டார். அம்மா முந்தானையை எடுத்து இப்போது முகம் முழுவதையும் மூடிக்கொண்டாள். வாசலில் நின்ற ஒருவர் மாமாவைப் பார்த்து, "மாஸ்டர், ஒரு குத்துப் பாட்டு வுடு!" என்று கூவினார். அத்தோடு சிரிப்பு நின்றுவிட்டது.

தாய்மாமன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மச்சான், இதுக்கு மேல இன்னா? சபையில உங்கள பேண்டுக்காரனா ஆக்கிட்டான். கழட்டி அவன் மூஞ்சில எறிங்க. பொண்ணு நமக்கு பாரமா இன்னா?"

மாமாவின் கை மேலே போனது. கழுத்துப் பக்கத்து முதல் பொத்தானைப் பிடித்தது. தட்டு இன்னும் மாற்றவில்லை. அந்தப் பொத்தான் கழன்றால் எனக்குப் புவனா இல்லை. புவனா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதுவரை இது என் அசிங்கம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடையதும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு மந்தம் நான்.

"மாமா, தப்பு என்னுது" என்றேன். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுறேன். கோட்ட மட்டும் கழட்டாதீங்க."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கன்னியப்பன் நடுவில் புகுந்தார். அவருக்கு அவர் கவலை.

"நைனா, கோட்டு இல்லாதவன் முன் வரிசயில நிக்கக் கூடாதுன்னு எங்க செட்டுல ரூலு. ஆறு மாசமா பின்னாடி நிக்கிறேன். என் பெரிய டிரம்முக்கே என் மூஞ்சி தெரியாம பூட்ச்சி. என் கோட்ட குடுத்துடு."

"தட்டு மாத்துற வரைக்கும் கழட்டக் கூடாது" என்றார் மாமா.

அதைக் கேட்டதும் தாய்மாமன் தள்ளிவிட்ட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கன்னியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கோட்டு போட்டவன்தான் டிரம் அடிக்கணும். கோட்டு உன்னுதுன்னா நீயே அடி நைனா!" என்று டிரம்மைக் கழற்றி நீட்டினார்.

"கொண்டா" என்றார் மாமா.

வாரை எடுத்துத் தோளில் மாட்டினார். டிரம் வயிற்றில் சரியாக அந்தத் தேய்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. குச்சிகளைக் கையில் வாங்கி ஒருமுறை எடை பார்த்தார். "சாவ்தான்!" என்று ஒரு குரல் கொடுத்தார். பதிமூன்று பேண்டுக்காரர்களும் தாங்களாகவே நிமிர்ந்தார்கள். நானும் நிமிர்ந்தேன். தாய்மாமனும் நிமிர்ந்தார்.

பிறகு அடித்தார். டம். டம். டம் டம் டம். வலது குச்சியைத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, இடது பக்கத்துத் தோலில் இறக்கினார். இடது குச்சி அதே நேரம் வலது பக்கம் போனது. மூஞ்சியில் ஒரு அசைவும் இல்லை. மாஸ்டர் வாயைப் பிளந்தபடி டிரம்பெட்டைத் தூக்கினார். பேண்டு எழுந்தது. மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள், மாமா முன்னால். குத்துப் பாட்டு கேட்ட ஆள் முதலில் ஆடினார். இரண்டாவது ஏழுமலை. மூன்றாவது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், தாய்மாமன்.

டிரம்மை மாட்டியபடியே மாமா என் அம்மாவோடு தட்டை மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கோட்டைக் கழற்றினார். அதை உதறி, கன்னியப்பனுக்கு அவரே பின்னாலிருந்து மாட்டிவிட்டார். குஞ்சத்தைச் சரி செய்தார். "முன் வரிசைக்குப் போ" என்றார்.

பந்தி நடக்கும்போது அவரை ஓரமாகப் பிடித்தேன். "மாமா, தட்டைப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"சிவப்புக் கோட்டோட ஊர்ந்தா முதல் ஆளா சுட்டுடுவான் தம்பி."

"அப்ப ஏன் மாமா போட்டீங்க?"

"சாப்புடப் போ. பந்தி ஓடுது."

"என் பொருளெல்லாம்?"

"வெச்சுக்க. இனிமே வாங்குறதுக்கு முன்னால எனக்குக் காட்டு."

மறு வாரமே மோகனசுந்தரத்திடம் போய்ச் சண்டை போட்டேன். "கர்னல்னு நான் சொன்னேன். நம்பச் சொல்லி உன்னை யாரு கேட்டா?" என்றார். பின்னால் ஒருத்தர் தலையாட்டுகிறார் என்றீர்களே என்றேன். "ஆட்டல? உனக்குக் காத்து வரல?" என்றார். அப்புறம் டீ.

இன்றைக்கும் நான் ஏலத்துக்குப் போகிறேன். வாங்கும் பொருளை அடையாளம் பார்ப்பதில் வட சென்னையில் என்னை மிஞ்ச ஆள் குறைவு, தைரியமாகச் சொல்வேன். (போன மாசம் வாங்குன வாளைப் பத்தி யாரும் பேச வேணாம்.) ஆனால் வீட்டில் என் பெயர் கர்னல். என் பனியனில் ஓட்டை விழுந்தால் புவனா அதைத் தூக்கிப் பிடித்து, "இது எந்தச் சண்டையிலங்க?" என்று கேட்பாள். சொந்தக்காரப் பிள்ளைகள் என்னைக் கண்டால் தரையில் படுத்து ஊர்ந்து காட்டுவார்கள். என் மகளுக்கு ஏழு வயது, அவளும் ஊர்கிறாள். இதெல்லாம் எனக்கு நியாயம்தான். வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் எட்டு வருடமாக என் ஒருவனையே பார்த்துச் சிரிக்கிறார்களே, அதுதான் நியாயமில்லை. மாமா அன்றைக்கு அடித்த அடி சும்மா வந்த அடியா? கேட்டால், "எல்லாப் பட்டாளத்தானுக்கும் தெரியும்" என்கிறார். எங்கள் யார்டு செக்யூரிட்டியில் ராணுவத்தில் இருந்த இரண்டு பேரை விசாரித்தேன். டிரம் சத்தத்துக்கு நடந்திருக்கிறோம், தொட்டதே இல்லை என்றார்கள். மாமா வீட்டு ஹாலில் அவர் ராணுவ உடுப்போடு இருக்கிற போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறது. மார்போடு வெட்டியிருக்கிறது. அதற்குக் கீழே என்ன இருந்தது என்று கேட்டால், சட்டம் போட்டவன் வெட்டிவிட்டான் என்கிறார். சின்ன வயதில் புவனா, "அப்பா, சண்டையில நீ எத்தன பேர சுட்ட?" என்று கேட்பாளாம். "என் சத்தம் கேட்டா ஒருத்தனும் நிக்க மாட்டான், நடந்துகிட்டே இருப்பான்" என்பாராம். பிள்ளை அதை வைத்து அப்பா பெரிய பீரங்கி என்று பள்ளிக்கூடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறது.

அடுத்த மாதம் என் மச்சினியின் கல்யாணம். அதே மண்டபம், அதே பேண்டு செட். சொந்தம் எல்லாம் இருக்கும். எனவே ஹவில்தார் தணிகாசலம் அவர்களே, மாப்பிள்ளை அழைப்பு கிளம்புவதற்கு முன் மைக்கை வாங்கி, சபையில் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். பதினேழு வருடம் உங்கள் கையில் இருந்தது துப்பாக்கியா, டிரம் குச்சியா? குச்சிதான் என்றால் அதில் குறைவு எதுவும் இல்லை. உங்களைப் போல அடிக்கிறவரை நான் பார்த்ததில்லை. ஆனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சாப்பிடப் போ என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. அன்றைக்கு நான் சாப்பிட்டுவிட்டே வருகிறேன்.